சந்து விடாம எழுதுன பாட்டு

நெசமா நடந்த கத ஒண்ணு சொல்றேன்னு நான் வாயத் தொறந்தப்ப, விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில மூணு பேரு என்னைச் சுத்தி குந்திக்கினு இருந்தாங்க. மல்லாட்டை, அதான் வேர்க்கடல, மூட்டைய எறக்கியாச்சு. வெல போடுற வரைக்கும் ஒரு வேலயும் கெடயாது. ஒருத்தரு முகையூர் சவுரிராயன் மாமா, ஞாயித்துக்கெழம பூசைக்கு ஒரு வாரமும் தப்பாதவரு. இன்னொண்ணு கண்டாச்சிபுரம் பக்கத்து அஞ்சம்மாக்கா, ஆடி மாசம் பூரா மஞ்ச சேலயத் தவிர வேற கட்டாது. மூணாவது செஞ்சிப் பக்கத்து யாவாரி நேமிராஜ் நயினாரு. ஜைனரு, பொழுது சாஞ்சா ஒரு பருக்க தொடமாட்டாரு.

நான் சொன்னது அமிர்தசாமி கத. பாட்டு கட்டுற அமிர்தசாமி. இதுல ஒரு சொல்லு பொய்யின்னா இங்க கெடக்கற அத்தன மூட்டையும் என் தலயில அடுக்குங்கன்னேன். சொன்ன ஒடனே சவுரி மாமா ஒரு மூட்டைய கண்ணால அளக்க ஆரம்பிச்சிட்டாரு. அதனால ஜல்தியா இதையும் சேத்து சொல்லிட்டேன்: கொஞ்சம் நீட்டுவேன். பத்துன்னா நூறும்பேன். வண்டி ஓட்டறவன் வாயி அப்படித்தான். காலி வண்டி குலுங்கும், கொஞ்சம் பாரம் ஏத்துனாதான் நேரா போவும். ஆனா முக்கியமான எடத்துல பாரம் ஏத்த மாட்டேன்.

தொண்ணூத்தி மூணுல அமிர்தசாமிக்கு இருவது வயசு. இதே விழுப்புரத்துல ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில வேல. குழாய் ஸ்பீக்கரத் தோள்ல மாட்டிக்கினு மரத்துல ஏறி கட்டணும். ஆளு எப்படி இருப்பான்னா, கரண்டு கம்பத்துக்கு சட்ட போட்டுவுட்டாப்ல. நீ எதுக்குடா ஏறற, நின்ன எடத்துலேருந்தே கட்டலாமேன்னு கேலி பண்ணுவாங்க. மரத்து மேல குந்திக்கினு, பாட்டு காதுலயே அடிக்கறப்ப, இவன் அதே மெட்டுக்கு சொந்தமா வார்த்த போட்டு பாடிக்கினு இருப்பான். கீழ ஒருத்தன் ஒயரு எங்கடான்னு தொண்ட கிழிய கத்துவான், இவனுக்கு கேக்காது.

அந்த வருசம் ஒரு கல்யாணத்துக்கு திண்டிவனம் வெங்கடாசலத்தோட பாட்டு ட்ரூப்பு வரணும். வழியில விக்கிரவாண்டிகிட்ட வண்டி பஞ்சரு. ஓட்டுனது நான்தான், அதனால பஞ்சர பத்தி அதிகம் பேச வேணாம். நாங்க போய் சேர்றப்ப மண்டபத்துல கைதட்டல் கூர பிச்சிக்கினு போவுது. யாருடா நமக்கு முன்னாடி கச்சேரி பண்றதுன்னு பாத்தா, கம்பம் ஒண்ணு மைக்க புடிச்சிக்கினு நிக்குது. பொண்ணு ஊரு மாப்ள ஊரு பேரெல்லாம் போட்டு, பொண்ணோட மாமன் சீர் கொண்டாந்த ஆட்டுக்குட்டி பந்தல்ல தோரணத்த மேஞ்சது வரைக்கும் பாட்டுல வருது. கொரலு கேட்டா துருப்புடிச்ச கேட்டு. ஆனா வார்த்தைக்கு வார்த்த ஜனம் சிரிக்குது. வெங்கடாசலம் வாத்தியப் பொட்டியத் தொறக்கவே இல்ல. முடிஞ்சதும் அவன் தோள்ல கைய போட்டு, திங்கக்கெழம திண்டிவனம் வந்துடுன்னாரு.

அதுலேருந்து அஞ்சு வருசம் அவன் காட்டுல மழ. ஒரு நாளைக்கு நாப்பது பாட்டு கட்டுவான். சரி, நாலு. வண்டியில என் பக்கத்துல குந்திக்கினு, கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி எழுதுவான். ஊருக்குள்ள நொழயறப்ப டீக்கடையில நிறுத்தச் சொல்லி மூணே கேள்வி கேப்பான். இந்த ஊரு எதுக்குப் பேரு போனது, இங்க யாரப் பாத்து சிரிக்கலாம், யாரப் பாத்து சிரிக்கக் கூடாது. டீ ஆறதுக்குள்ள பாட்டு ரெடி.

நயினாருக்கு இது நல்லாத் தெரியும். அவரு பொண்ணு குசுமா கல்யாணத்துக்கும் நாங்கதான் போனோம். பொழுது சாயறதுக்குள்ள பந்தி முடியணும், ஜனம் எல புடிக்க ஓடுது. அமிர்தசாமி அதப் பாத்துட்டு நின்ன நிலையில கட்டுனான்: ‘சூரியனே கொஞ்சம் நில்லு, சம்பந்தி இன்னும் பாயசம் தொடல.’ அத சொன்னதும் நயினாரு கமிட்டியிலயே கண்ண தொடச்சிக்கினு சிரிச்சாரு. எங்க சம்பந்தி இன்னிக்கும் அந்தப் பாட்டச் சொல்லி சொல்லி சிரிப்பாருன்னாரு.

இப்ப அவனோட தொழில் சூட்சுமம் ஒண்ணு சொல்லணும், இது தெரியலன்னா மீதி கத புரியாது. சாமி பாட்டு எழுதறப்ப பேரு வர்ற எடத்த காலியா உட்டுடுவான். அதுக்கு ட்ரூப்புல சந்து உடறதுன்னு பேரு. ஒரே பாட்டு, போற ஊருல எந்த சாமியோ அந்தப் பேர சந்துல சொருவிக்க வேண்டியதுதான். மேல்மலையனூர் பக்கம் அங்காளம்மா, மயிலம் பக்கம் முருகா, முகையூர் பக்கம் மாதா. தேர்தல் வந்தா வேட்பாளரு. ஒரு தடவ ரெண்டு கட்சிக்காரனும் வந்து கேட்டான், இவன் ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டக் குடுத்துட்டான். திண்டிவனத்துல ரெண்டு ஆட்டோவும் எதிரெதிரா வந்து நின்னு, ஒரே மெட்டுல ஒருத்தர ஒருத்தர் தோக்கடிச்சிக்கினு இருந்துச்சி. ட்ராஃபிக்கு செங்கல்பட்டு வரைக்கும் நின்னுச்சி. சரி, ரெண்டு தெரு.

அவனுக்கு ஞானமேரின்னு பொண்டாட்டி, பால்வாடியில ஆயா வேல. வெனிலான்னு ஒரே பொண்ணு. தொண்ணூத்தி எட்டுல அந்தக் கொழந்தைக்கு மூணு வயசு, மூளைக் காய்ச்சல் வந்துடுச்சி. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில போட்டாங்க. கண்ணு தொறக்கல. ஒரு நாளு, ரெண்டு நாளு, பதினோரு நாளு. இத நான் நீட்டல, பதினோரு நாளுதான், நானே தெனம் வண்டியில போய்வந்தேன்.

ஞானமேரி மொட்ட போடறேன்னு மாதாவுக்குப் பொருத்தன பண்ணுச்சி. அமிர்தசாமிகிட்ட என்ன இருக்கு, பாட்டுதான். ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட சொன்னான். “மச்சான், என் புள்ள கண்ணு தொறந்தா தாயிக்கு ஒரு பாட்டு எழுதறேன்னு சொல்லியிருக்கேன். அதுல சந்து உட மாட்டேன். அவ பேரத் தவுர வேற பேரு அதுல ஏறாது. ஏத்துனா என் புள்ளய அவளே எடுத்துக்கட்டும்.”

அந்தக் கடைசி வார்த்தைய ஏன்டா சேத்தன்னு கேட்டேன். சும்மா குடுக்கற வாக்கு வாக்கா மச்சான்னான்.

பன்னெண்டாம் நாளு காத்தால வெனிலா கண்ணு தொறந்து இட்லி கேட்டுச்சி.

நாலு பாட்ட டீ ஆறதுக்குள்ள எழுதறவன், இந்த ஒரு பாட்டுக்கு நாலு மாசம் எடுத்துக்கினான். சினிமா மெட்டு இல்ல, சொந்த மெட்டு. செப்டம்பர் எட்டாந்தேதி மாதா தேரு வர்றப்ப, முகையூர் பக்கத்துல அவங்க ஊருல பாடுனாங்க.

‘கண்ணு தொறக்காத புள்ள பக்கத்துல
கண்ணே மூடாம நின்னவ யாரு?
புள்ளைய மடியில வாங்குன வலிய
வாயத் தொறக்காம தின்னவ யாரு?
மாதாவே நீதான், மாதாவே நீதான்,
சிலுவ மரத்தடி நின்ன மாதாவே நீதான்.’

தேரு தூக்குற ஆளுங்க தோள மாத்திக்க மறந்துட்டாங்க. சவுரி மாமாவும் அன்னிக்கு அங்கதான் இருந்தாரு. கமிட்டியில நான் இந்த எடத்துக்கு வந்ததும் அவரே மெதுவா ரெண்டு வரி பாடுனாரு. அஞ்சம்மாக்கா மட்டும் அவர ஒரு மாதிரி பாத்துச்சி. ஏன்னு எனக்குத் தெரியும், கதைய மேல ஓட்டுனேன்.

ட்ரூப்புல அந்தப் பாட்ட பாடக் கேட்டாங்க, இவன் தரமாட்டேன்னுட்டான். வருசத்துல ஒரு நாளு, தேரு முன்னாடி, அவ்ளோதான்.

ரெண்டாயிரத்து மூணு ஆடி மாசம். கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு ஊருல அங்காளம்மனுக்கு கூழ் ஊத்தறாங்க. மத்தியான நேரம். ஒரு பக்கம் அண்டா அண்டாவா கேப்பைக் கூழு, ஒரு பக்கம் எங்க மேட. எங்க பாடகி பொன்னி சாமி பாட்டு பாடிக்கினு இருக்கு. அமிர்தசாமி மேடைக்குப் பக்கத்துல உக்காந்து ஊரு பேரெல்லாம் சொருவிக் குடுத்துக்கினு இருக்கான். அப்ப ஒரு பொம்பள மேடகிட்ட வந்துச்சி. மடியில கொழந்த. மூணு வயசு இருக்கும், தல தொங்குது, கண்ணு மூடியிருக்கு. ஆஸ்பத்திரியில பாத்துட்டு வூட்டுக்கு எடுத்துக்கினு போகச் சொல்லிட்டாங்களாம். அது அமிர்தசாமிய கேக்கல, யாரு பாட்டுன்னு அதுக்கு எப்படித் தெரியும். வெங்கடாசலத்துகிட்ட கேட்டுச்சி. முகையூர் பக்கம் வேலைக்குப் போனப்ப ரேடியோல கேட்டேன், கண்ணு தொறக்காத புள்ளன்னு வரும், அத எங்க ஆத்தாளுக்குப் பாடச் சொல்லுங்கன்னுச்சி.

ரேடியோன்னா ஸ்பீக்கரத்தான் அப்படிச் சொல்லுச்சி. வெங்கடாசலம் இவன திரும்பிப் பாத்தாரு. இவன் தலய ஆட்டிட்டான், முடியாது. காரணம் வெங்கடாசலத்துக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். வேற பாட்டு பாடறோம்மா, நல்ல பாட்டான்னு அவரு சமாதானம் சொன்னாரு. அந்தப் பொம்பள அழுவல, கெஞ்சல, சண்ட போடல. சரின்னு ஒரு ஓரமா போய் நின்னுச்சி, அவ்ளோதான். வெயில்ல. புள்ள மூஞ்சிக்கு முந்தானய நெழலா புடிச்சிக்கினு.

மூணு பாட்டு முடிஞ்சுது. அது அங்கயே நிக்குது. அமிர்தசாமி தரையப் பாக்கறான், அதப் பாக்கறான், தரையப் பாக்கறான். நாலாவது பாட்டுக்கு பொன்னி மைக்க எடுக்கறதுக்குள்ள இவன் எழுந்து போய் புடுங்கிக்கினான்.

அந்தத் துருப்புடிச்ச கொரல்ல பாடுனான். முதல் நாலு வரி அப்படியே. அப்பறம் ஒரு வெநாடி நின்னான். பாக்கறவன் இவன் மறந்துட்டான்னுதான் நெனச்சிருப்பான்.

‘ஆத்தாளே நீதான், ஆத்தாளே நீதான்,
வேப்ப மரத்தடி நின்ன ஆத்தாளே நீதான்.’

ஒரு மரத்த மாத்துனான், அவ்ளோதான். நாலு மாசம் குந்தி, இதுல எந்தப் பேரும் நொழயாதுன்னு பூட்டு போட்டு வெச்ச பாட்டு. அவனே தொறந்துட்டான்.

அந்தக் கொழந்த கண்ணு தொறந்துச்சான்னு அஞ்சம்மாக்கா கேட்டுச்சி. தொறந்துச்சி, எழுந்து ஓடி கூழு குடிச்சிதுன்னு சொல்ல எனக்கு எவ்ளோ ஆச தெரியுமா. நாக்கு நுனியில நிக்குது. ஆனா தெரியாது. பாட்டு முடிஞ்சதும் அந்தப் பொம்பள கையெடுத்துக் கும்புட்டுட்டு கூட்டத்துல போயிடுச்சி. ஊரு பேரு கூட கேக்கல. அமிர்தசாமி அதுக்கப்பறம் ரெண்டு தடவ சைக்கிள்ல போய் தேடிட்டு வந்தான், கெடைக்கல. இத மட்டும் நான் நீட்ட மாட்டேன்.

ஆனா பாட்டு கெடச்சுது, எல்லாருக்கும். அன்னிக்கு யாரோ டேப்புல புடிச்சிருக்கான். அடுத்த ஆடிக்கு பத்து ஊருல போட்டான், அதுக்கடுத்த ஆடிக்கு நூறு ஊருல. இது நெசமாவே நூறு. பால்குடம் எடுக்கறப்ப பாடுனாங்க, தீ மிதிக்கறப்ப பாடுனாங்க. வெங்கடாசலம் பொன்னிய வெச்சி பாடச் சொன்னாரு, அமிர்தசாமி ட்ரூப்ப வுட்டே போயிட்டான். இன்னும் ரெண்டு வரி எழுதித் தாடா, ஊரே உன்னத் தூக்கி வெச்சிக்கும்னு அவரு வூடு தேடிப் போய் கேட்டாரு. இவன் வாசப்படியிலயே நின்னுக்கினு கைய விரிச்சிட்டான்.

எழுதறத நிறுத்திட்டான். பழைய கடைக்கே போய் மறுபடியும் ஸ்பீக்கரு கட்ட ஆரம்பிச்சான். பேஜார பாருங்க. ஆடி மாசம் வந்தா வேப்ப மரத்துல ஏறி குழாயக் கட்டிட்டு கீழ எறங்கறதுக்குள்ள, அந்தக் குழாயிலயே அவன் பாட்டு காதுல அடிக்கும். யாரு எழுதுனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதப் பத்தி அவனுக்குக் கவல இல்ல. அவன் பயம் வேற. வெனிலா தும்முனா இவன் மூஞ்சி செத்துடும். வெனிலாவ தண்ணி பக்கம் உடமாட்டான், சைக்கிள் ஓட்ட உடமாட்டான். ஸ்கூல் வேன் அஞ்சு நிமிசம் லேட்டானா ரோட்டுக்கு ஓடுவான். கோயிலுக்குப் போவான், கடைசி வரிசையில நிப்பான், மாதா சொரூபத்த நிமிந்து பாக்க மாட்டான். தேரு அன்னிக்கு ஊருல இருக்க மாட்டான். வாக்குல அந்தக் கடைசி வார்த்தய சேத்தானே, அது ஒம்பது வருசம் அவன் கழுத்துல தொங்குச்சி. பொண்டாட்டிக்குக் கூட சொல்லல.

ரெண்டாயிரத்து பன்னெண்டுல வந்துடுச்சி. வெனிலாவுக்கு பதினேழு வயசு, ப்ளஸ் டூ. டெங்கு. அஞ்சாவது நாளு ரத்தத்துல தட்டு அணு கொறஞ்சிக்கினே போவுதுன்னு டாக்டரு சொல்ல, இவன் ஆஸ்பத்திரி தண்ணித் தொட்டி பக்கத்துல குந்திட்டான். ஞானமேரி டிபன் பாக்ஸ் கழுவ வந்துச்சி. நான் டீ வாங்கிக்கினு வந்தேன். அப்பதான் சொன்னான். வாக்கு குடுத்தது, கண்டாச்சிபுரத்துல ஒடச்சது, எல்லாம். என்னால நம்ப புள்ள போவப் போவுதுன்னான்.

ஞானமேரி டிபன் பாக்ஸ கழுவிக்கினே இருந்துச்சி. கழுவுனதயே மறுபடியும் கழுவுச்சி. அப்பறம் அதுவும் சொல்லுச்சி. பாண்டி ஆஸ்பத்திரியில பக்கத்து கட்டில்ல மேல்மலையனூர் பொம்பள ஒண்ணு இருந்துச்சாம். ஒம்பதாம் நாளு, மாதாகிட்ட கேட்டுக் கேட்டு வாய் வறண்டப்ப, அந்தப் பொம்பள ஒரு மஞ்சத் துணிய குடுத்துச்சாம். ஞானமேரி அத கொழந்த கட்டில்ல முடிஞ்சி வெச்சி, அங்காளம்மாகிட்டயும் கேட்டுடுச்சி. என் புள்ளய குடு, உன் வாசல்ல நின்னு நாலு பேரு கேக்க உன் பேரச் சொல்றேன்னு. புள்ள பொழச்ச பின்னாடி, பங்கு சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரோன்னு பயந்துக்கினு போவவே இல்ல. அதுவும் அத்தன வருசமா புள்ள தும்முனா செத்துக்கினுதான் இருந்திருக்கு.

“நான் சொல்ல வேண்டிய பேர நீ போய் சொல்லிட்டு வந்திருக்கய்யா, அதுவும் மைக்குல,” அப்படின்னுச்சி. சொல்லிட்டு சிரிச்சிது. சிரிக்கறப்பவே அழுதுடுச்சி.

நான் கையில மூணு டீய வெச்சிக்கினு நிக்கறேன். யாருகிட்ட நீட்டறதுன்னு தெரியல.

அமிர்தசாமி அது கையிலேருந்து டிபன் பாக்ஸ வாங்கி கீழ வெச்சான். அப்பறம், “உன் பொருத்தன தீந்துச்சு மேரி. என்னுது?” அப்படின்னான்.

“மாதாவும் புள்ளயப் பறிகொடுத்தவதான். இன்னொருத்தி மடியில புள்ள கெடக்கறப்ப நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா, அப்பதான் அவ கோச்சிக்கினு இருப்பா.”

அவன் டீய மட்டும் வாங்கிக் குடிச்சான்.

வெனிலா பொழச்சிக்கிச்சி. இப்ப நர்சிங் படிக்குது. அதோட போனு அடிச்சா வேப்ப மரத்தடி ஆத்தாதான் பாடறா. எங்க அப்பா எழுதுன பாட்டுன்னு காலேஜுல சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்குதுன்னு அதுக்கு ஒரு கொற. அமிர்தசாமிக்கு முன்ன மாதிரி பயம் இல்ல. ஆனா பேனா தொடல. இது நடந்து ரெண்டு வருசம் ஆச்சி.

இப்ப வர்ற தேருக்கு கோயில் கமிட்டிக்காரங்க வூட்டுக்கு வந்திருக்காங்க. பழைய பாட்ட நீயே பாடணும்னு. இவன் நேத்து என்னைக் கூப்புட்டான். “மச்சான், எதப் பாடறது நான்? சிலுவ மரத்த மட்டும் பாடுனா, அந்தப் பொம்பள முன்னாடி பாடுனது பொய்யாயிடும். ரெண்டு மரத்தயும் பாடுனா, வாக்க மறுபடியும் மாதா முன்னாடியே ஒடச்ச மாதிரி ஆயிடும். பாடலன்னா, ஞானமேரி சொன்னத நான் நம்பலன்னு ஆயிடும். நீ நாலு எடம் போறவன், நாலு பேரக் கேட்டுச் சொல்லு.”

அதனாலதான் உங்க மூணு பேருகிட்ட சொன்னேன், நான் அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்னு கமிட்டியில கேட்டேன்.

சவுரி மாமாதான் மொதல்ல. வாக்குன்னா வாக்குதான்னாரு. யாருக்கு எழுதுனானோ அவளுக்குப் பாடணும், சிலுவ மரத்தோட நிறுத்திக்கணும், மத்தது சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லி முடிச்சிக்கற விசயம்.

அஞ்சம்மாக்கா முந்தானய இழுத்து சொருவிக்கினு எழுந்துச்சி. “இன்னா மாமா முடிச்சிக்கறது? எங்க ஆத்தா பாட்டு பாவமா? பத்து வருசமா நான் அதப் பாடித்தான் தீ மிதிக்கறேன். என் கால்ல ஒரு கொப்புளம் காட்டு பாக்கலாம்.”

“உன் கால யாரு பாத்தா? பாட்டு மாதாவுது. நான் தேரடியில நின்னு கேட்டவன்.”

“கேட்டது நீயா இருக்கலாம். அந்தப் புள்ளய வெச்சிக்கினு வெயில்ல நின்னது எங்க ஊரு பொம்பள.”

நயினாரு நடுவுல பூந்தாரு. ரெண்டு சாமியும் வாக்கப் பாத்து வராது, அவன் பண்ணுன ஜீவகாருண்யம்தான் அவன் புள்ளயக் காப்பாத்துச்சின்னு, நல்லவிதமாத்தான் சொன்னாரு. அதுல ரெண்டு பேருக்கும் கோவம் அவரு பக்கம் திரும்பிடுச்சி. எங்க மாதா ஒண்ணுமே பண்ணலயா நயினாரேன்னு இவரு ஒரு பக்கம், எங்க ஆத்தா சும்மாவா நின்னான்னு அது ஒரு பக்கம். சவுரி மாமா குரல ஒசத்தி சிலுவ மரத்தடின்னு பாட, அஞ்சம்மாக்கா அதுக்கு மேல வேப்ப மரத்தடின்னு பாட, மூட்ட தூக்கறவங்க, பக்கத்து லாட்டுக்காரங்க எல்லாம் கூடிட்டாங்க. அதுல பாதிப் பேரு சிலுவ மரம், பாதிப் பேரு வேப்ப மரம். வெல போட வந்தவரு சீட்டக் கையில வெச்சிக்கினு யாரு மூட்ட யாரு மூட்டன்னு கேக்கறாரு, ஒருத்தரும் திரும்பல. நான் நயினாரு கைய புடிச்சி இழுத்துக்கினு வெளிய வர்றப்ப, சவுரி மாமா துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு கத்திக்கினு இருந்தாரு.

“அப்ப அவனையே கூப்புடு. இங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்.”

“கூப்புடு,” அப்படின்னுச்சி அஞ்சம்மாக்கா. “எனக்கும் அவன் மூஞ்சியப் பாக்கணும்.”